‘அவர் பதில் சொல்லவில்லை’: ஸ்காட்லாந்து வாக்கெடுப்பும் ஊடகமும் நமக்குச் சொல்லும் பாடம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடிச்சுக்கிட்டே நிதானமாப் படிங்க. முடிவுல நம்மளைப் பத்தியும் ரெண்டு வார்த்தை இருக்கு. அது சிலருக்குக் கசக்கலாம். இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும்.

2014 செப்டம்பர் 11. ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோ. தனி நாடா, பிரிட்டனோடு இருப்பதா என்ற பொது வாக்கெடுப்புக்கு இன்னும் ஒரே வாரம். ஸ்காட்லாந்து அரசின் முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்ட் பத்திரிகையாளர்களைச் சந்திக்கிறார். பிபிசியின் அரசியல் ஆசிரியர் நிக் ராபின்சன் எழுந்து ஒரு கேள்வி கேட்கிறார். கேள்வியில் ரெண்டு பாகம். ஒன்று: வங்கிகள் தலைமையகத்தை லண்டனுக்கு மாத்தினா உங்களுக்கு வர்ற வரி என்னாகும்? இன்னொன்று: கோடிகளில் தொழில் நடத்துறவங்க சொல்றதை விட்டுட்டு, ஒரு அரசியல்வாதி சொல்றதை மக்கள் ஏன் நம்பணும்?

சால்மண்ட் பல நிமிடம் பேசினார். நிறுவன வரி என்பது பெயர்ப்பலகை எங்கே தொங்குதுங்கிறதைப் பொறுத்தது இல்லை, தொழில் எங்கே நடக்குதோ அதைப் பொறுத்தது என்றார். ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் தலைமை அதிகாரி தன் ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தைக் காட்டினார். பதிவு அலுவலகத்தை மாற்றுவது ஒரு நடைமுறை ஏற்பாடுதான், வேலைகளை இடம் மாற்றும் எண்ணம் இல்லை என்று அந்தக் கடிதம் சொன்னது. வங்கியின் இயக்குநர் குழு கூட்டம் முடியும் முன்னாலேயே அந்தச் செய்தி லண்டன் நிதியமைச்சகத்திலிருந்து ஊடகத்துக்கு எப்படிப் போனது என்று திருப்பியும் கேட்டார்.

அன்றிரவு பிபிசி செய்தியில் இது எப்படி வந்தது தெரியுமா? ராபின்சன் கேள்வி கேட்பது வந்தது. அடுத்து அவருடைய பின்னணிக் குரல். சால்மண்ட் பதில் சொல்லவில்லை, செய்தி வெளியிடுபவர்கள் மீது பாய்ந்தார் என்ற பொருளில் ஒரு வாக்கியம். அவ்வளவுதான்.

பல நிமிடப் பதில் ‘அவர் பதில் சொல்லவில்லை’ ஆகிவிட்டது. மூணே மூணு வார்த்தை.

ராபின்சன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடணும். கேள்வியின் இரண்டாம் பாகத்துக்கு, அதாவது ‘உங்களை ஏன் நம்பணும்’ என்பதற்கு, சால்மண்ட் நேராகப் பதில் சொல்லவில்லை என்று வாதிடலாம். ஆனால் அந்தச் செய்தியைப் பார்த்த ஒரு சாதாரண மனுஷனுக்கு அது எங்கே தெரியும்? மொத்தக் கேள்விக்கும் ஆள் மழுப்பிட்டார் என்றுதான் மனசுல பதியும். அந்தச் சொற்களுக்காக வருந்துவதாக ராபின்சனே பின்னாளில் ஒத்துக்கிட்டார். ஒத்துக்கிட்டப்ப வாக்கெடுப்பு முடிஞ்சு மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

*

சரி, முதல்ல இருந்து வருவோம். இந்த வாக்கெடுப்பு ஒரு தெருச் சண்டையில் பிறந்தது இல்லை. 2012 அக்டோபர் 15 அன்று பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரனும் சால்மண்டும் எடின்பரோவில் ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்திட்டு, சட்டப்படி நடந்த வாக்கெடுப்பு. 16 வயது நிரம்பியவர்களுக்கும் ஓட்டு. பதிவான வாக்காளர்கள் சுமார் 43 லட்சம் பேர். அவர்களில் 84.6 விழுக்காட்டினர் வந்து ஓட்டுப் போட்டார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி ஒன்று. ஸ்காட்லாந்து அரசு முதலில் வைத்த கேள்வி: ‘ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?’ பிரிட்டனின் தேர்தல் ஆணையம் அதை மக்களிடம் சோதித்துப் பார்த்துவிட்டு, ‘ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டாலே ஆளை ஒரு பக்கம் இழுக்குது, அதை எடுங்க’ என்றது. 2013 ஜனவரியில் கேள்வி மாறியது: ‘ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா?’ சால்மண்டின் அரசு மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொண்டது.

கவனிங்க. ஒரே ஒரு சொல் ஓட்டைச் சாய்க்கும் என்று ஒரு ஆணையமே உட்கார்ந்து யோசித்திருக்கு. வாக்குச்சீட்டில் இருக்கிற ஒரு சொல்லுக்கே இவ்வளவு கவலை. அப்போ ரெண்டு வருஷம் தினமும் சாயங்காலம் டிவியில் ஓடிய ஆயிரக்கணக்கான வாக்கியங்களை யார் சோதிச்சாங்க?

ஒருத்தர் முயற்சி பண்ணினார். மேற்கு ஸ்காட்லாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ராபர்ட்சன். 2012 செப்டம்பரில் தொடங்கி ஒரு வருஷத்து மாலைச் செய்திகளை எடுத்து எண்ணினார். பிபிசி, எஸ்டிவி இரண்டையும் பார்த்தார். ‘வேண்டாம்’ தரப்புக்குச் சாதகமான கூற்றுகள் மூன்று என்றால் ‘வேண்டும்’ தரப்புக்கு ஏறத்தாழ இரண்டு என்ற கணக்கு கிடைத்தது. பிபிசி இதைக் கடுமையாக மறுத்தது, ஆய்வு முறையே சரியில்லை என்றது. பல்கலைக்கழகத் தலைமைக்கே எழுதியது. கடைசியில் அந்தப் பேராசிரியர் ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் குழுவின் முன் போய் விளக்கம் சொன்னார்.

அச்சு ஊடகம்? தனி நாட்டுக்கு வெளிப்படையாக ஆதரவு தெரிவித்த செய்தித்தாள் ஒன்றே ஒன்று. 2014 மே 4 அன்று அறிவித்த ‘சண்டே ஹெரால்ட்’ என்ற வார இதழ். ஒரு நாளிதழ்கூட இல்லை. கடைசியில் ‘வேண்டும்’ என்று ஓட்டுப் போட்டவர்கள் 44.7 விழுக்காடு. கிட்டத்தட்ட பாதி நாடு. அந்தப் பாதி நாடு காலையில் எழுந்து கடைக்குப் போனால், தன் கருத்தைப் பேசுகிற ஒரு நாளிதழ் தட்டில் இல்லை.

இதைச் சதி என்று ஒரே வார்த்தையில் முடிச்சிடலாம். ஆனா அப்படி முடிச்சா நாம ஒண்ணும் கத்துக்க மாட்டோம். பெரும்பாலான இடங்களில் பொய் தேவைப்படவே இல்லை. வங்கி பதிவு அலுவலகத்தை மாற்றும் என்பது உண்மை. வேலைகள் போகாது என்று அதே வங்கி சொன்னதும் உண்மை. முதல் உண்மை தலைப்புக்குப் போனது, இரண்டாவது உண்மை உள்ளே எங்கோ போனது. தலைப்பு மட்டும் படிக்கிறவன்தான் அதிகம். உங்க வீட்டுலயும் எங்க வீட்டுலயும் அப்படித்தானே?

*

இப்போ கடைசிப் பத்து நாள்.

செப்டம்பர் 7 அன்று ‘சண்டே டைம்ஸ்’ இதழில் யூகவ் கருத்துக்கணிப்பு வந்தது. முடிவெடுக்காதவர்களை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் ‘வேண்டும்’ 51, ‘வேண்டாம்’ 49. லண்டனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று பெரிய கட்சித் தலைவர்களும் பிரதமர் கேள்வி நேரத்தை விட்டுவிட்டு ஸ்காட்லாந்துக்கு ஓடினார்கள்.

செப்டம்பர் 16, வாக்கெடுப்புக்கு ரெண்டு நாள் முன். ‘டெய்லி ரெக்கார்ட்’ நாளிதழின் முதல் பக்கம் முழுக்க ‘சபதம்’ என்ற தலைப்பில், பழைய தோல் சுவடி மாதிரி வடிவமைத்து, கேமரன், மிலிபாண்ட், கிளெக் மூவரின் கையெழுத்தோடு ஒரு வாக்குறுதி. ‘வேண்டாம்’ என்று போடுங்கள், ஸ்காட்லாந்துக்கு விரிவான புதிய அதிகாரங்கள் தருகிறோம் என்று. கட்சிகள் கொடுத்த வாக்குறுதியைப் பத்திரிகை செய்தியாகப் போடலாம். இங்கே வாக்குறுதியின் மேடையே பத்திரிகையின் முதல் பக்கம்.

செப்டம்பர் 18. ஓட்டு. ‘வேண்டாம்’ 20,01,926. ‘வேண்டும்’ 16,17,989. மொத்தம் 32 உள்ளாட்சிப் பகுதிகளில் ‘வேண்டும்’ ஜெயித்தது நான்கில் மட்டும். கிளாஸ்கோ அதில் ஒன்று.

மறுநாள் விடிஞ்சும் விடியாம கேமரன் தன் வீட்டு வாசலில் நின்று பேசினார். ஸ்காட்லாந்துக்குத் தரும் அதிகாரத்தோடு சேர்த்து இங்கிலாந்து சம்பந்தப்பட்ட சட்டங்களுக்கு இங்கிலாந்து எம்பிக்கள் மட்டும் ஓட்டுப் போடுவதைப் பற்றியும் முடிவெடுக்கணும் என்றார். சபதத்தின் மை காயலை, அதுக்குள்ள பேச்சு வேற பக்கம் போயிடுச்சு. அதே நாள் சால்மண்ட் பதவி விலகுவதாக அறிவித்தார். அந்தச் சந்திப்பில் டெலிகிராப், டெய்லி மெயில், எக்ஸ்பிரஸ் நாளிதழ்களின் செய்தியாளர்களை உள்ளே விடவில்லை. இதை நான் கைதட்டி எழுத மாட்டேன். தோற்ற நாளில் கதவைச் சாத்தினால் மறுநாள் தலைப்பு ‘கதவைச் சாத்தினார்’ என்றுதான் வரும்.

*

இப்ப நேர்மையா ஒரு கேள்வி. ஊடகத்தால்தான் தோற்றார்களா?

நான் நிறையப் படிச்ச வரைக்கும், முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. தனி நாடானால் என்ன பணம் புழங்கும் என்ற கேள்விக்குக் கடைசி வரை தெளிவான பதில் இல்லை. பவுண்டையே பகிர்ந்துகொள்வோம் என்றார் சால்மண்ட். முடியாது என்று 2014 பிப்ரவரியில் லண்டன் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் சொல்ல, மற்ற இரண்டு கட்சிகளும் சேர்ந்துகொண்டன. ஆகஸ்ட் 5 அன்று நடந்த முதல் டிவி விவாதத்தில் அலிஸ்டர் டார்லிங் இதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்: மாற்றுத் திட்டம் என்ன? சால்மண்ட் தடுமாறினார். அதை எந்த ஊடகமும் வெட்டி ஒட்டவில்லை. நேரலையில் நாடே பார்த்தது.

மாசச் சம்பளக்காரர், பென்ஷன் வாங்குறவர், வீட்டுக்கடன் கட்டுறவர் எல்லாருக்கும் வர்ற முதல் சந்தேகம் அது. அதுக்குப் பதில் வச்சிருக்காம ‘ஊடகம் நம்மளைக் கவுத்துடுச்சு’ன்னு மட்டும் பேசினா அது நம்மளை நாமே ஏமாத்திக்கிறது.

இதையும் பாருங்க. செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. வாக்கெடுப்புக்கு நாலு நாள். கிளாஸ்கோவில் பிபிசி அலுவலகத்தின் முன் பெருங்கூட்டம். ராபின்சன் முகத்தைப் பெரிசா அச்சடிச்ச பதாகை. ‘வேலையை விட்டுத் தூக்கு’ என்ற கோஷம். அவங்க கோபம் எனக்குப் புரியுது. மூணு நாள் முன்னாடி நடந்த வேலைக்கு வந்த கோபம். ஆனால் விளைவு? வங்கிக் கடிதம், நிதியமைச்சகக் கசிவு, வெட்டப்பட்ட பதில் எல்லாம் பின்னுக்குப் போச்சு. ‘பத்திரிகையாளரை மிரட்டுகிறார்கள்’ என்பது செய்தியாச்சு. அதுவரைக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர், ஒரே நாளில் பாதிக்கப்பட்டவர் இடத்துக்குப் போயிட்டார். கடைசி வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எதிர்த்தரப்புக்கு இலவசமாக் கொடுத்தாங்க.

*

வாக்கெடுப்புக்குப் பிறகு நடந்ததுதான் உண்மையான பாடம்.

தோற்ற கட்சி கரைஞ்சு போகலை. சுமார் 25,000 பேர் உறுப்பினராக இருந்த ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியில் சுமார் ஆறு மாதத்தில் ஒரு லட்சம் பேர் ஆனார்கள். பிபிசி வாசலில் நின்ற கோபம் உறுப்பினர் அட்டையாக மாறியது. 2015 மே பொதுத் தேர்தலில் ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளில் 56 அவர்களுக்கு.

2014 நவம்பர் 24 அன்று ‘தி நேஷனல்’ என்ற நாளிதழ் தொடங்கியது. தனி நாட்டை ஆதரிக்கும் முதல் தினசரி. ஐந்து நாள் சோதனையாக ஆரம்பித்தார்கள். வாசகர் வந்தார்கள், அதனால் நிலைத்தது. இதில் ஒரு வேடிக்கை: அதை வெளியிட்டதும், ‘வேண்டாம்’ என்று தலையங்கம் எழுதிய ‘தி ஹெரால்ட்’ நாளிதழை வெளியிட்டதும் ஒரே நிறுவனம். அந்த நிறுவனத்தின் அன்றைய உரிமையாளர் ஒரு அமெரிக்கக் கம்பெனி! கொள்கைக்காக வந்த பத்திரிகை என்று நாம் நினைப்போம். காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கு என்று தெரிந்ததால் வந்த பத்திரிகை அது. பதாகையால் முடியாததைச் சந்தா முடிச்சுக் காட்டுச்சு.

2019 பிப்ரவரியில் பிபிசியே ஸ்காட்லாந்துக்குத் தனி அலைவரிசை தொடங்கியது. இரவு 9 மணிக்கு ஒரு மணி நேரச் செய்தி, ஸ்காட்லாந்தில் இருந்தே. சபதத்தின் தொடர்ச்சியாக அமைந்த ஸ்மித் ஆணையம், பிறகு 2016 ஸ்காட்லாந்து சட்டம் என அதிகாரங்களும் ஓரளவு வந்தன. போதுமா போதாதா என்று இன்றும் அங்கே சண்டை நடக்குது. அது அவர்கள் பாடு.

*

இந்தக் கதையை இங்கேயே முடிச்சா நமக்கு ரொம்ப இனிப்பா இருக்கும். ‘ஊடகம் கெட்டது, நாம நல்லவங்க’ன்னு முடியும். ஆனா கதை அங்கே முடியலை.

‘சபதம்’ முதல் பக்கத்தைப் போட்ட டெய்லி ரெக்கார்ட் ஆசிரியர் பெயர் மரே ஃபூட். அவரே 2018இல் மனம் மாறி, தனி நாட்டை ஆதரிப்பதாக அறிவித்தார். அடுத்த வருஷம் அதே ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் ஊடகப் பொறுப்பாளர் ஆனார். அதாவது நம்ம ஐடி விங் மாதிரி வேலைக்குத் தலைவர்.

2023 பிப்ரவரியில் ‘சண்டே மெயில்’ ஒரு செய்தி போட்டது: கட்சி 30,000 உறுப்பினர்களை இழந்துவிட்டது என்று. சண்டே மெயில் என்பது டெய்லி ரெக்கார்டின் சகோதரப் பத்திரிகை. கட்சித் தரப்பு அடியோடு மறுத்தது. ஃபூட் தன் பங்குக்கு அது வெறும் உளறல் என்றார். கட்சிக்காரர்களும் ‘வழக்கம்போல ஊடகப் பொய்’ என்றுதான் நினைத்திருப்பார்கள். பத்து வருஷப் பழக்கம் ஆச்சே!

மார்ச்சில் கட்சியே உண்மை எண்ணை வெளியிட்டது. 72,186. ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தது இங்கே வந்து நின்றது. செய்தி சரி, மறுப்புதான் பொய். கட்சித் தலைமை அலுவலகம் கொடுத்த தகவலை நம்பி நல்லெண்ணத்தில் சொன்னேன் என்று சொல்லிவிட்டு ஃபூட் பதவி விலகினார். அடுத்த நாள் கட்சியின் தலைமைச் செயல் அதிகாரியும் விலகினார்.

2014இல் சரியான காரணத்துக்காக ஊடகத்தைச் சந்தேகப்பட்டவர்கள், 2023இல் சரியான செய்தியையும் சந்தேகப்பட்டார்கள். சந்தேகம் நல்ல கருவி. அதை ஒரே பக்கம் மட்டும் நீட்டினால் நம்ம வீட்டுக்குள்ள பத்துற தீ கடைசியாத்தான் நம்ம கண்ணுக்குத் தெரியும்.

*

இப்போ நம்ம கதை. முன்னாடியே சொன்னேனே, கசக்கும்னு.

ஒரு தேர்தல் சமயம். ராத்திரி பதினொன்றரை மணி. எங்க வாட்ஸப் குழுவில் ஒரு 14 நொடி கிளிப் வந்தது. எதிர்த்தரப்புப் பேச்சாளர் ஒருத்தர் மேடையில், “பொம்பளைங்களுக்கு எதுக்குங்க இலவச பஸ்ஸு?” என்று கேட்கிறார். கிளிப் முடிஞ்சது. எனக்கு ரத்தம் கொதிச்சுது. தலைப்பு எழுதி, எழுத்துரு போட்டு, பத்து நிமிஷத்தில் கார்டு ரெடி. காலையில் பார்த்தா ஆயிரக்கணக்கான பகிர்வு.

மத்தியானம் முழு வீடியோ கிடைச்சது. அவர் சொன்னது: “பொம்பளைங்களுக்கு எதுக்குங்க இலவச பஸ்ஸுன்னு கேக்குறவங்க ஒரு நாள் எங்க அம்மாகூட வேலைக்குப் போய்ட்டு வாங்க.”

தமிழில் மேற்கோள் முடிஞ்ச பிறகுதான் ‘ன்னு’ வரும். அந்த ‘ன்னு’வுக்கு முன்னாடி கத்தரி வச்சா, ஒருத்தர் எதிர்த்துப் பேசினது அவரே சொன்னதா மாறிடும். அரை நொடி வேலை. பிபிசி பண்ணினதைவிட மோசமான வேலையை நான் என் லேப்டாப்பில் பண்ணியிருக்கேன். பதிவை எடுத்துட்டு ஒரு வரி வருத்தம் போட்டேன். அந்த வருத்தத்தை 40 பேர் பார்த்தாங்க. கார்டு இன்னும் எங்கேயோ சுத்திக்கிட்டு இருக்கும்.

அதனால ஐடி விங் தோழர்களுக்கும், தினமும் நம்ம பக்கத்தைப் பகிர்கிற உங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்.

ஒன்று. நம்ம தலைவர் பேட்டியாகட்டும், பத்திரிகையாளர் சந்திப்பாகட்டும், முழு வீடியோவை நாமே எடுத்து, அன்றைக்கே, வெட்டாம ஏத்தணும். எடின்பரோவில் ‘அவர் பதில் சொல்லவில்லை’ என்பது பொய்த்துப்போனது கோஷத்தால இல்லை. முழுப் பதிவு இணையத்தில் கிடைத்ததால, மக்கள் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க.

இரண்டு. செய்தியில் தப்பு இருந்தா எந்த வரி தப்பு, சரியான தகவல் என்ன, ஆதாரம் எங்கே என்று எழுதுங்க. நிருபரின் குடும்பத்தை இழுக்காதீங்க. அவர் நம்பரைப் பரப்பாதீங்க. பெண் பத்திரிகையாளர் என்றால் சில பேர் கை எந்த அளவுக்கு நீளுதுன்னு எல்லாருக்கும் தெரியும். அப்படி எழுதுறவன் நம்ம கொடியை டிபியில் வச்சிருந்தாலும் நம்ம ஆள் இல்லை.

மூன்று. நமக்கு எதிரான செய்தி வந்தா மறுக்கிறதுக்கு முன்னாடி கட்சிக்குள்ள கேளுங்க, ‘இது உண்மையா?’ன்னு. உண்மைன்னா ஒத்துக்கிறதுதான் மலிவு. நாள் ஆக ஆக வட்டி ஏறும்.

நான்கு. நேர்மையா எழுதுற ஒரு சின்னப் பத்திரிகைக்காவது காசு கட்டிச் சந்தா போடுங்க. நம்மளைத் திட்டினாலும் பரவாயில்லை. இலவசமாப் படிச்சுட்டு ‘விலை போயிட்டான்’னு சொல்றதுக்கு நமக்கு உரிமை இல்லை.

அடுத்த தடவை 14 நொடி கிளிப் ஒன்று உங்க கைக்கு வரும். கட்டாயம் வரும். யாரைப் பத்தியதா இருந்தாலும், பகிர்கிற பட்டனுக்கு விரல் போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: இதுக்கு அப்புறம் அவர் என்ன சொன்னார்?

தெரிஞ்சா பகிருங்க. தெரியலைன்னா அது நம்ம போன்லயே நிக்கட்டும்.

உங்க கருத்தைக் கீழே எழுதுங்க. திட்டினாலும் முழுசாப் படிப்பேன்.

ஐடி விங் தன்னார்வலர்